விடுதி மாணவர்களுக்குச் சீஸும் சாண்ட்விச்சும்

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களை இணைக்கும் பகுதி, 1990களின் பிற்பாதியில் ஹூண்டாய் ஆலை எழுந்த காலந்தொட்டு வாகனத் தொழிலின் பெயரால் அறியப்பட்டு வந்தாலும், 1985இல் தொடங்கப்பெற்று இன்று பென்னலூரில் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி முதலான பல கல்லூரிகளின் மாணவர்கள் விடுதிகளில் தங்கிப் பயிலும் இடமுமாகும். காலை வகுப்புக்கும் தொழிற்சாலைப் பயிற்சிக்கும் விரைகின்ற இம்மாணவர்களுள் பலர் வெறும் வயிற்றுடன் புறப்பட்டுவிடுவதால், அடுப்பின்றியும் செய்யக்கூடிய சாண்ட்விச்சும் அதற்கேற்ற சீஸும் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவையாகின்றன.

பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும், உறையச் செய்யும் ரென்னெட் என்னும் நொதியையும் சேர்த்து, திரண்ட கட்டியிலிருந்து நீரை வடித்து, உப்பிட்டுப் பெறப்படுவதே பெரும்பாலான சீஸ் வகைகளாகும். ஏறத்தாழ 10 லிட்டர் பசும்பாலிலிருந்து 1 கிலோ செடார் சீஸே கிடைப்பதால் அதன் விலை உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் தோன்றிய செடார், மாதக்கணக்கில் முதிர்ந்து கூர்மையான சுவை பெறுவது. இத்தாலியின் மொசரெல்லா, திரண்ட கட்டியை வெந்நீரில் இழுத்துப் பிசைந்து செய்யப்படுவதால் சூடேறும்போது நூலிழையாக நீள்வது. எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்தால் காய்ச்சிய பாலைத் திரித்துப் பெறும் பனீரோ எவ்வளவு சூட்டிலும் உருகாதது.

வெப்பமான ஊருக்கு மிகவும் பொருந்துவது, கடைகளில் துண்டுகளாகவும் சிறு கட்டிகளாகவும் விற்கப்படும் பதப்படுத்திய சீஸ் ஆகும். முதிர்ந்த சீஸை அரைத்து, சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகளுடன் சூடாக்கிச் செய்யப்படும் இதனை, 1911இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் ஆகியோர் உருவாக்கினர். சேர்க்கப்படும் உப்புகள் கொழுப்பும் நீரும் பிரியாதபடி காப்பதால், இது சீராக உருகுவதோடு நெடுநாள் கெடாமலும் இருக்கிறது. 25 கிராம் கட்டி ஒன்றில் சுமார் 5 கிராம் புரதம் உண்டெனினும், உப்பும் கொழுப்பும் மிகுதியாக இருப்பதால் ஒருவேளைக்கு ஒரு கட்டியே போதுமானது. மாதத்தில் ஒருநாள் சுவை மாற்றம் விரும்புவோர்க்குக் கொடைக்கானல் சீஸும், ஆரோவில்லில் செய்யப்படும் சீஸும் தமிழ் மண்ணிலேயே கிடைக்கின்றன.

அடுப்பில்லாத அறையில், பிரட் துண்டின் உட்புறம் சிறிது வெண்ணெய் தடவினால் காய்களின் ஈரம் ஊறாது. அதன்மேல் புதினா–கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரி, தக்காளி, பதப்படுத்திய சீஸ் ஆகியவற்றை அடுக்கினால் மும்பைத் தெருக்களில் புகழ்பெற்ற சாண்ட்விச்சின் எளிய வடிவம் கிடைக்கும். தோசைக்கல் உள்ள வீட்டில், துருவிய மொசரெல்லாவுடன் வெங்காயமும் குடைமிளகாயும் வைத்து, இட்லிப் பொடி தூவி, மிகக் குறைந்த தீயில் மூடி வைத்துச் சுட வேண்டும். தீ மிகுந்தால் சீஸ் உருகுமுன் பிரட் கருகிவிடும். மூன்றாவதாக, உதிர்த்த பனீரையோ அவித்த முட்டையையோ மிளகுத்தூள், கேரட் துருவல் ஆகியவற்றுடன் பிசைந்து, செடார் சிறிது துருவிச் சேர்த்தால், பிற்பகல் வரை பசி தாங்கும் உணவாகும்.

கோடையில் 40 பாகையைத் தொடும் இப்பகுதியில், ஈரக் காய்களும் சட்னியும் வைத்த சாண்ட்விச்சைக் காலையில் செய்து மாலையில் உண்பது தீங்கானது. குளிர்ப்பெட்டி இல்லாதபோது அத்தகைய வெயிலில் 1 மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும், திறந்த பொட்டலத்தை அறையில் வைத்திருக்கவும் கூடாது. பாற்கொழுப்புக்கு மாறாகத் தாவர எண்ணெய் சேர்த்த பொருள் சீஸ் ஆகாது என்பதால், பொட்டலத்தின் மேலுள்ள பெயரைவிடச் சேர்பொருள் பட்டியலையே படித்தறிய வேண்டும். ரென்னெட் விலங்கிலிருந்து பெறப்பட்டதா என ஐயுறும் சைவ உணவினர் பொட்டலத்தில் சைவக் குறியான பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம்.

சீஸ் சுவையும் புரதமும் சேர்க்குமேயன்றி முழு உணவாகாது. ஆதலால் மாணவர்கள் சீஸைக் குறைத்துக் காய்களைக் கூட்டி, காலை உணவை ஒருநாளும் தவிர்க்காமல் உண்ண வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.