முதல் வாசலில் தொலையும் மாதங்கள்

(கடக்வாஸ்லாவில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் அண்ணியாருக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் தோன்றியது. ஐந்து மாதங்களில் ஆறு முறை அருகிலிருந்த மருத்துவரிடம் சென்றார். ஆறு முறையும் வைட்டமின் மாத்திரையும் தடவும் மருந்துமே கிடைத்தன. திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டுமென ஏழாம் முறைதான் சொன்னார்கள். அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. “ஏன் இத்தனை காலம் கடத்தினீர்கள்?” என்று பெரிய மருத்துவமனையில் கேட்டபோது அவர் தலைகுனிந்து நின்றார். காலம் கடத்தியவர் அவரா?

மக்கள் நோய் முற்றிய பின் வருவதற்கு அறியாமையே காரணம் என்கிறார்கள். அறியாமை உண்டு, ஆனால் அது அகற்றக் கூடியதே என்பதை இதே மகாராஷ்டிரம் காட்டியிருக்கிறது. சோலாப்பூர் மாவட்டம் பார்சியில் 1987இல் இந்தியாவின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. அதன் களப்பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று அறிகுறிகளை விளக்கினர். ஐயத்துக்குரியோரை மருத்துவமனைக்கு வரச் செய்தனர். சில ஆண்டுகளிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்க நிலையில் கண்டறிவது அதிகரித்தது. வீடு தேடி வந்த ஊழியரும், வந்தவரைச் சோதித்த மருத்துவமனையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருந்தனர்.

இன்று அச்சங்கிலி அறுந்து கிடக்கிறது. 30 வயது கடந்தோருக்கு வாய்ப் பரிசோதனை, பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனை என 2016இல் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30–49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டோர் நூற்றுக்கு 1.9 பேரே. தமிழ்நாட்டிலும் 9.8 பேர்தான். வீடு வீடாகப் படிவம் நிரப்பும் ஆஷாக்களுக்கோ ஊழியர் என்ற தகுதியே இல்லை, ஊக்கத்தொகைதான். 2023 அக்டோபரில் இம்மாநில ஆஷாக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்தது இதனால்தான். முழங்கப்படும் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் உள்நோயாளியாகச் சேரும்போதே கைகொடுக்கிறது. நோய் எதுவெனத் தெரியாமல் அலையும் மாதங்களின் செலவு, இழந்த கூலி உட்பட, குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இந்த அணையின் நீர் நாள்தோறும் புனே நகரைச் சென்றடைகிறது. இங்கே எடுக்கப்படும் திசு நகரத்து ஆய்வகத்தை அடைந்து, முடிவு திரும்பி வர ஒரு வழி அமைப்பது அதைவிடக் கடினமா?

மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு – இவற்றோடு வருவோரை மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் கடமையாக்கப்பட வேண்டும். அனுப்பப்பட்டவர் போய்ச் சேர்ந்தாரா எனப் பின்தொடர்வதும் அதன் பொறுப்பாக வேண்டும். திசுப் பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். ஆஷாக்கள் அரசு ஊழியராக ஏற்கப்பட வேண்டும்.

தாய்மார்களே, புகையிலையோ மிசேரியோ பழகியவர்கள் கண்ணாடியில் வாயைப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே மாத்திரை தந்தால், “இது என்ன நோய்? எழுதிக் கொடுங்கள்” எனக் கேளுங்கள். தனியே கேட்கத் தயக்கமாயின் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து சென்று கேட்போம்.