ஈரம் பட்டா இறுகும் பசை: கவனம் தேவை
(குழுத் தலைவிகள் கூட்டத்தில் பேசியது)

கதவு, கட்டில் ஒட்ட வாங்குற பசை எல்லாம் ஒண்ணு கிடையாது. வெள்ளைப் பசை, தண்ணி வத்தினா காயும். பாலியூரித்தேன் பசை நேர்மாறு. காத்துல உள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். அப்போ கரியமில வாயு உண்டாகி நுரைச்சுப் பொங்கும்.

இதில் இருப்பது ஐசோசயனேட். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த விஷவாயுவும் இந்த இனம்தான். பயப்படாதீங்க, பசையில் உள்ளது அந்த அளவுக்கு ஆவியாகாது. ஆனாலும் ஆஸ்துமாவைக் கொண்டுவரக் கூடியது. நம்ம ஆரணியில் தறி ஓடுற அறையிலேயே பிள்ளைகள் தூங்குறாங்க. அதனால சன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு ஒட்டுங்க.

கையில் பட்டா முதலில் காய்ந்த துணியால் துடைச்சு, சமையல் எண்ணெய் தடவி, பிறகு சோப்பு போடுங்க. கண்ணில் பட்டா மட்டும் தாமதிக்காம 15 நிமிஷம் தண்ணி விட்டுக் கழுவி, டாக்டரிடம் போங்க.

குழந்தை விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. வயிற்றுக்குள்ளே பொங்கி இறுகிடலாம். டப்பாவையும் எடுத்துக்கிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தண்ணி புகுந்த டப்பாவை இறுக்கி மூடாதீங்க. வாயு சேர்ந்து வெடிக்கலாம்.

இதை உங்க குழுவில் எல்லாருக்கும் சொல்லுங்க.