காதோடு ஒட்டிய கருவி



லிந்துலையின் மாலைப் பொழுதை அறிந்தவர்களுக்கு அங்கு எழும் ஒலிகளும் தெரிந்திருக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்களின் பேச்சு, தகரக் கூரைமேல் இறங்கும் மழை, நுவரெலியா வீதியின் ஏற்றத்தில் முனகிச் செல்லும் லொறி, ஏதோ ஒரு காம்பராவிலிருந்து வரும் பாட்டு ஆகிய யாவும் ஒன்றாய்க் கலந்து காதில் விழும். லயத்தில் சுவர் ஒன்று. அதன் இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டுப் பாட்டு அடுத்த வீட்டுக்கும் பாட்டு. ஒரு வீட்டுச் சச்சரவு அடுத்த வீட்டுக்கும் செய்தி. தனக்கென்று ஓர் அறை இல்லாத பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு செவியாவது வேண்டும் என்ற ஆசை அங்கே பிறப்பதில் வியப்பில்லை.

அத்தகைய ஆசை கொண்ட மாணவன் ஒருவனை இங்கே எண்ணிப் பார்ப்போம். அவன் உயர்தர வகுப்பில் படிப்பவன். பாட்டிலே பிரியம், கைத்தொலைபேசி விளையாட்டிலும் பிரியம். விலை மலிந்த ஹெட்போன் ஒன்று வேண்டுமென்று தாயிடம் கேட்கிறான். கடைக்காரர் சொன்ன விலை நாலாயிரம் ரூபாய். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அந்த 1350 ரூபாய்க் கணக்கில் பார்த்தாலும், நாலாயிரம் என்பது ஏறத்தாழ மூன்று நாட் கொழுந்து. பட்டணத்தில் ‘மலிவு’ எனப்படும் பொருள் மலைச்சரிவில் மூன்று நாள் முதுகுச் சுமையாகிறது. ஆகவே எது நல்லது, எது வீண் என்று ஆராய்ந்து வாங்குவது அந்த வீட்டின் கடமையாகிறது.

இந்தக் கருவியின் வரலாறும் எளிய இடத்தில் தொடங்கியதே. 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் இருந்தபடியே ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். நம் நாட்டிலும் 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் மின்சாரம் வேண்டாத எளிய படிக வானொலிகளை வைத்திருந்தவர்கள் காதிலே கேட்பொறியை மாட்டிக்கொண்டுதான் ஒலிபரப்பைக் கேட்டார்கள். வீடு முழுவதும் கேட்கும் பெட்டி பின்னரே பரவியது. வானொலியின் முதற் செவி ஹெட்போனே எனலாம். 1958இல் மில்வாக்கி நகரத்து ஜோன் கோஸ் என்பவர் இசை கேட்பதற்கென்றே இரட்டைத்தட ஹெட்போனை வெளியிட்டார். அதற்குமுன் பணியாளரின் கருவியாய் இருந்தது அன்று முதல் இரசிகரின் கருவியாயிற்று.

இனி அம்மாணவன் வாங்கிய கருவியைப் பார்ப்போம். அது காது முழுவதையும் மூடும் வகை. ஒவ்வொரு காதுப் பக்கத்திலும் ஒரு காந்தம், மெல்லிய கம்பிச் சுருள், அதனோடு ஒட்டிய சவ்வு ஆகியவை உள்ளன. மின்னோட்டம் சுருளில் பாயும்போது சவ்வு அதிர்கிறது. அந்த அதிர்வே பாட்டாகிறது. நாலாயிரம் ரூபாயிலும் நாற்பதாயிரம் ரூபாயிலும் பெரும்பாலும் இதே தத்துவந்தான். வேறுபாடு சவ்வின் செம்மையிலும், இரு பக்கத்தின் பொருத்தத்திலும், உறையின் அமைப்பிலும் இருக்கிறது.

முதலில் அவன் கேட்டது பழைய திரைப்பாடல். பாடகரின் குரல் நெற்றிக்கு நடுவே நிற்பதுபோல் இருந்தது. இது நல்ல அடையாளம். குரல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கேட்டால் இரு பக்கங்களும் ஒத்து இயங்கவில்லை என்று பொருள். அடுத்துத் தவில் கேட்டான். தொப்பிப் பக்கத்தின் முழக்கம் எல்லை மீறி எழுந்தது. மலிவான கருவிகள் பலவற்றின் குணம் இது. தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தினால் முதற் கேள்வியில் செவி மயங்கும். வாங்குபவர் ‘ஆகா’ என்பார். ஆனால் அரை மணி கழிந்தால், அந்த முழக்கத்தில் நாகசுவரத்தின் நுண்ணிய அசைவுகள் அமிழ்ந்து போவதை உணர்வார். ஆகவே கடையில் சோதிக்கும்போது கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காமல், தாம் நூறு முறை கேட்டுப் பழகிய பாட்டைக் கேட்பதே அறிவுடைமை.

பின் விளையாட்டு. எதிரி எப்பக்கத்திலிருந்து வருகிறான் என்பதைக் காலடி ஓசையால் அறியவேண்டும். ஓசை வலப்புறத்திலிருந்து வந்தால் வலக்காதை முதலிலும், இடக்காதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரம் பிந்தியும் எட்டுகிறது. இச்சிறு இடைவெளியைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. இதற்கு இரண்டு ஒழுங்கான தடங்கள் போதும். பெட்டியின்மேல் ஏழு திசை ஒலி என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே பெரும்பாலும் காதுக்கு ஒரு சவ்வே இருக்கும். மற்றது கணிப்பொறி செய்யும் வித்தை. நிறம் மாறி மின்னும் விளக்குகளும் அவ்வாறே. மாட்டியிருப்பவன் அவற்றைக் காண்பதில்லை. அவற்றுக்கான பணத்தை மட்டும் கொடுக்கிறான்.

கம்பியா, கம்பியில்லாப் புளூடூத்தா என்ற கேள்வியும் உண்டு. கம்பியில்லாக் கருவியில் ஒலி சற்றுப் பிந்தி வரும். பாட்டுக்கு அது தெரியாது. விளையாட்டிலோ சுட்ட பின்னரே வெடியோசை கேட்கும். கம்பியுள்ள கருவியில் அக்குறை இல்லை, மின்னேற்றவும் வேண்டாம். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும் தோட்டங்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் கம்பி செருகும் துளையே இல்லை. வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செருகியின் கழுத்தில் கம்பி மடிந்து அறுவதே இக்கருவிகளின் வழக்கமான மரணம். சுற்றி இறுக்காமல் தளர வளைத்து வைத்தால் ஆயுள் நீளும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு இணைய வழியே பாடம் நடந்த காலத்தை நினைப்பவர்கள், நல்ல ஒலிவாங்கி ஒன்று அதில் இருப்பதன் அருமையையும் அறிவார்கள்.

இதுவரை சொன்னவை கருவியைப் பற்றியவை. செவியைப் பற்றிச் சொல்லவேண்டியது இதனினும் முக்கியமானது.

ஒரு மாலை கனத்த மழை. தகரக் கூரையின் ஓசைக்கு மேலே பாட்டுக் கேட்கவேண்டுமென்று அம்மாணவன் ஒலியைக் கூட்டினான். மழை விட்ட பின்னும் குறைக்க மறந்தான். வெளியே விறகுக் கட்டோடு வந்த தாய் மூன்று முறை அழைத்தாள். அவன் காதில் விழவில்லை. அவள் சுமையை இறக்கிவிட்டு உள்ளே வந்து தோளைத் தொட்டபோது அவன் கருவியைக் கழற்றினான். அப்போது காதுக்குள் ஒரு மெல்லிய இரைச்சல். காலை வரை அது நீங்கவில்லை.

அந்த இரைச்சல் ஓர் எச்சரிக்கை. உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியை நரம்புக்கு உணர்த்துபவை அவையே. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கொழுந்து கிள்ளினால் செடி மறுபடி துளிர்க்கும். செவிக்கு அந்தப் பேறு இல்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்க்கு வகுத்த அளவு வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 90 டெசிபெலில் வாரம் முழுமைக்கும் 4 மணி நேரமே. விளையாட்டிலே ஆழ்ந்தவன் அதை இரண்டு இரவில் செலவழித்து விடுவான். 12 முதல் 35 வயதுக்குட்பட்ட நூறு கோடிக்கு மேற்பட்டோர் இவ்வாறு செவி இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. காதை நன்றாய் மூடும் கருவி இங்கே உதவும். வெளியோசை குறைந்தால் ஒலியைக் கூட்டும் தேவையும் குறையும். ஆனால் அதே மூடல் வெளியில் ஆபத்தாகும். தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே இருப்புப்பாதையோரமாய் நடப்பவர்களும், வளைவு நிறைந்த வீதியில் செல்பவர்களும் அதை மாட்டியிருத்தல் உயிரோடு விளையாடுவதாகும்.

அந்த வீட்டில் இன்னொரு முறையீடும் எழுந்தது. திண்ணையில் இருந்த அப்பாயி ஒரு நாள் சொன்னாள்: “தம்பி, நீ பாட்டுப் போட்டா நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப வீட்டிலே ஆளு இருக்கு, சத்தம் இல்லே.” சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் அமைதியை விரும்பியிருக்கலாம். அவளுக்கோ அந்த அமைதி, பேரன் பக்கத்தில் இருந்தும் இல்லாததுபோல் இருந்தது.

1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் சிறு இசைப்பெட்டியை வெளியிட்டபோது அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் வைத்தது. ஒருவர் மட்டும் தனியே கேட்டுக்கொண்டிருப்பது மரியாதைக் குறைவாகுமோ என்று அந்நிறுவனத் தலைவர் அக்கியோ மொறிற்றா அஞ்சினாராம். பின்வந்த பெட்டிகளில் அந்த இரண்டாம் துளை மறைந்தது. துளை மறைந்தாலும் அந்த அச்சம் நியாயமானதே.

அம்மாணவன் ஒரு வழி கண்டான். இரவிலே படிப்பும் விளையாட்டும் ஹெட்போனில். ஒலி பாதிக்குச் சற்று மேலே, அதற்கு மேல் இல்லை. ஒரு மணிக்கு ஒரு தரம் செவிக்கு ஓய்வு. மாலையில் அரை மணி நேரம் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாட்டை வீட்டுக்கு விடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கருவியை அப்பாயியின் காதிலே மெல்ல மாட்டி, நாகசுவரம் ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் வைத்தான். அவள் நெடுநேரம் அசையவில்லை. கழற்றிய பின், இவ்வளவு காலமும் தவில் மட்டுமே தன் காதில் விழுந்து வந்தது என்று சொன்னாள்.

மூன்று நாட் கொழுந்துக்கு வாங்கிய கருவி அன்றுதான் அந்த வீட்டுப் பொருளாயிற்று. பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் விலையைப் பார்ப்பதோடு, ஒலியின் அளவையும் ஒருமுறை தம் காதில் வைத்துப் பார்ப்பார்களாக. பிள்ளைகளும், அழைக்கும் குரல் நுழைவதற்குச் சிறிது இடம் விட்டுக் கேட்பார்களாக.