கணிதம் பயிலக் கலாசாலை தெரிந்தெடுத்தல்
(உத்திரமேரூர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கணிதமே பயில்வேனென்று பிடிவாதம் செய்யும் பிள்ளையை, பஸ் செல்லும் வழியில் எக்கலாசாலை உளதோ அதிற் சேர்த்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்றிருக்கிறோம். இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில் நிலம், மனை, வயது, கல்வி, ஒழுக்கம் யாவும் விசாரித்த பின்னரே குடத்தில் ஓலையிட்டனர். நாமோ விசாரணையின்றியே ஓலையெடுக்கிறோம்!

விசாரிக்க வேண்டுவது கட்டிடத்தையன்று, ஆசிரியரை. 1932-இல் காஞ்சியிற் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்த சி. எஸ். சேஷாத்திரியும், அதே ஆண்டில் வடஆர்க்காட்டுத் தண்டரைக் கிராமத்திற் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கலாசாலையிற் பயின்றனர். அங்கே ரசீன் பாதிரியார் என்னும் பிரெஞ்சுக்காரர், பரீட்சைப் பாடத்தைக் கடந்து, ஐரோப்பாவில் அந்நாளில் தோன்றிய புதுக்கணிதத்தை மாணாக்கர்க்குக் காட்டினார். இருவரும் 1953-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையஞ் சேர்ந்தனர். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

நிற்க. அச்சேஷாத்திரியே 1989-இல் தொடங்கியது, இப்பொழுது சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியற் கழகம். 1998 முதல் அங்கே பி.எஸ்ஸி. வகுப்பு நடைபெறுகிறது. ஆராய்ச்சி செய்வோரே பாடஞ் சொல்கின்றனர். சேர்க்கை தனி நுழைவுத் தேர்வினால். விடையை மட்டுமன்றி, நிரூபணத்தையும் எழுதக் கேட்பார்கள். பள்ளியில் நூற்றுக்கு நூறு பெற்றவரும் இங்கே திகைப்பதுண்டு. ஆதலின் பழைய வினாத்தாள்களை ஓராண்டு முன்னரே பழகுதல் வேண்டும்.

காஞ்சியில் 1947-இல் தோன்றிய பச்சையப்பன் கலாசாலை போன்ற அண்மைக் கலாசாலைகளை யான் இகழ்கின்றேனல்லேன். எங்கு சேரினும், முன்னதாக ஒரு நாள் சென்று மூன்றாமாண்டு மாணாக்கரைக் கேளுங்கள். ஆசிரியர் குறிப்புச் சொல்லி எழுதுவிக்கிறாரா, கரும்பலகையில் மாணாக்கரை நிறுவச் செய்கிறாரா? நூல்நிலையத்திலிருந்து புஸ்தகம் வீட்டிற்குக் கிடைக்கிறதா? ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வை எவரேனும் எழுதினரா? முதல்வர் அறையில் இவற்றிற்கு விடை கிடைப்பது அரிது.

பெண்ணாயின் விடுதியென்றதும் மறுக்கிறோம். விடுதியை நேரிற் பாராமலே மறுப்பது நியாயமன்று. பணமே தடையெனில், கட்டணச் சலுகையை விண்ணப்பத்தின்போதே விசாரித்தல் நலம்.

நுழைவுத் தேர்விற்குச் சென்னை வரும் நம் பிள்ளைகளுக்கு ஓரிரவு இடமளிக்க இசையும் பட்டணத்து அங்கத்தினர்கள், இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் தம் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.