காஞ்சியில் டிஸ்கோ: கேட்டவர் வயதும் கேட்ட கருவியும்



 யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர் பட்டு வணிகர். தம் வருவாயில் ஒரு பங்கை இசை ஆய்வுக்கென்று ஒதுக்கி வைத்தவர்.  

பொருளுக்கு வருகிறேன். டிஸ்கோ இசையைக் காஞ்சிபுரத்தார் எப்போது, எப்படிக் கண்டுகொண்டார்கள் என்ற கேள்வி இந்த அவையில் பலருக்குப் பழக்கமானது. கருத்தரங்குகளிலும், கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலும், தேநீர் இடைவேளைகளிலும் இதைப் பற்றி நானும் நண்பர்கள் சிலரும் நெடுநாளாக வாதிட்டு வருகிறோம். அவர்களில் மூவர் இன்று முன்வரிசையில் இருப்பதைப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் குறுக்கீடு இல்லாமல் பேச எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. முழுவதையும் இதற்கே செலவிடப் போகிறேன்.

வழக்கு

நண்பர்கள் சொல்வது இதுதான். டிஸ்கோ 1970-களில் அமெரிக்க நகரங்களின் நடன விடுதிகளில் பிறந்தது. இசைத்தட்டு வழியே பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்தது. ஓட்டல்களிலும் கல்லூரி விழாக்களிலும் ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். பிறகு சினிமா அதை நகலெடுத்தது. அந்த நகலைத்தான் காஞ்சிபுரம் போன்ற ஊர்கள் டிஸ்கோ என்று எடுத்துக்கொண்டன. ஆகவே சென்னை கண்டுகொண்டது, காஞ்சி பெற்றுக்கொண்டது என்பது அவர்கள் முடிவு.

மூலம், நகல் என்ற இந்தப் பிரிவினை டிஸ்கோவுக்குப் பொருந்தவே பொருந்தாது. 1974-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பாட்டைத் தயாரித்தவர் பெங்களூரில் பிறந்து லண்டனுக்குப் போன பிட்டு. போனி எம் குழுவை உருவாக்கியவர் ஜெர்மானியரான ஃபிராங்க் ஃபேரியன். 1977-ல் டோனா சம்மரின் குரலுக்குச் சிந்தசைசரில் இசை அமைத்த ஜார்ஜியோ மொரோடர் இத்தாலியர். அந்த வேலை நடந்த ஊர் மியூனிக். அதே பிட்டு 1980-ல் ‘குர்பானி’ படத்துக்கு ஒரே ஒரு பாட்டு அமைத்தார். பதினைந்து வயது நாஜியா ஹசன் அதைப் பாடினார். இதில் எது மூலம், எது நகல்? ஊர் ஊராகப் பிறந்துகொண்டே போன இசையில் ஓர் ஊரை மட்டும் பிரித்து, ‘உனக்குக் கிடைத்தது போலி’ என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

இளைஞர்களின் சொத்து என்பதும் அப்படித்தான். 1979 ஏப்ரலில் ‘நினைத்தாலே இனிக்கும்’ வெளியானபோது எம்.எஸ். விஸ்வநாதனுக்கு ஐம்பது வயது. சிங்கப்பூரில் சுற்றும் ஓர் இசைக்குழுவின் கதைக்கு அந்த வயதில்தான் அவர் மேற்கத்திய நடனத் தாளங்களை அவ்வளவு உற்சாகமாகக் கையாண்டார்.

தறியின் தாளம்

இன்னொரு நண்பர் இதற்கு நேர் எதிரான இடத்தில் நிற்கிறார். காஞ்சி நெசவாளி டிஸ்கோவை உடனே ஏற்றுக்கொண்டான், ஏனென்றால் அவன் காதில் ஏற்கெனவே தறியின் சீரான தாளம் இருந்தது என்பது அவர் கருத்து. கேட்க இனிமையாக இருப்பதால் இது பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் கோர்வைச் சேலை நெய்யும் தறியருகே அரை மணி நேரம் உட்கார்ந்தவர் இப்படி எழுத மாட்டார். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழைக்கும் கோத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையாள் கரை நாடாவை வாங்கித் திருப்பித் தரவேண்டும். நடுவில் இழை அறும், முடிச்சுப் போடவேண்டும். புட்டா வந்தால் இன்னும் நேரமாகும். நிமிடத்துக்கு 120 அடி என்று கடிகாரம்போல விழும் தாளத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கைத்தறி நின்று நின்று போகும். அது பொறுமையின் வேலை. அதை டிஸ்கோவாக்குவது அந்த வேலைக்குச் செய்யும் அநீதி.

ஒரு வீடு, மூன்று காதுகள்

என் தரப்புக்கு வருகிறேன். யார் முதலில் கேட்டார் என்பதை விட்டுவிடுவோம். எந்தக் கருவியில் கேட்டார் என்று கேட்போம். ஒருவர் எந்த வயதில் டிஸ்கோவைக் கேட்டாரோ, அந்த வயதுக்காரருக்கு ஊரில் எந்தக் கருவி கைக்கெட்டியதோ, அதுவே அவர் கண்டுகொண்ட டிஸ்கோவைத் தீர்மானித்தது. இதற்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. 2019-ல் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருளிய அந்த நாற்பத்தெட்டு நாட்களில் ஊர் முழுவதும் முந்தைய தடவையைப் பற்றித்தான் பேச்சு. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதால் 1979 எல்லோர் நினைவிலும் ஆணி அடித்தாற்போல இருந்தது. பேட்டி எடுத்த எனக்கு அது பெரிய உதவி. ஒரு பாட்டை எப்போது முதலில் கேட்டீர்கள் என்றால் யாருக்கும் ஆண்டு நினைவிருக்காது. அத்தி வரதருக்கு முன்னா பின்னா என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும்.

அந்த வீட்டில் மூத்தவர் 1979-ல் நாற்பதை நெருங்கியவர். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கும்போது தெருக்கோடிக் கல்யாண வீட்டு மைக் செட்டில் டிஸ்கோவைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ரிக்கார்டு கீறிக்கிச்சுன்னு நெனச்சேன் சார். ‘ஸ்ஸிக் ஸ்ஸிக்’னு ஒரு சத்தம், பாட்டு முடியறவரைக்கும். இன்னொண்ணு, எல்லாம் அரை இடத்துலயே வுழுது. சமம் எங்கன்னே தெரியல.”

இந்த வாக்கியங்களை நான் பல இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். நண்பர்கள் இதைப் படிப்பறிவில்லாத ஒருவரின் திகைப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர் பஜனை மடத்தில் தாளம் போட்டுப் பழகியவர். லயத்தில் சிம்மமாக விளங்கிய காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் ஊர்க்காரர், டி.கே. பட்டம்மாள் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர். ‘அரை இடம்’ என்றும், தாளம் தொடங்கும் ‘சமம்’ என்றும் அவர் சொன்னால் அது அளந்து சொன்ன சொல்.

டிஸ்கோவின் அமைப்பைப் பாருங்கள். நான்கு அடியிலும் காலால் மிதிக்கும் பெரிய டிரம் ஒரே கனத்தோடு விழும். இரண்டாவது, நான்காவது அடியில் ஸ்நேர் சேரும். ஒவ்வோர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், அதாவது சரியாக அரை இடத்தில், இரட்டைத் தட்டான ஹை-ஹாட் திறந்து மூடும். அந்த ‘ஸ்ஸிக்’ அதுதான். பெரிய டிரம்மின் உயிர் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உள்ள கீழ் ஒலியில் இருக்கிறது. கல்யாண வீட்டுத் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியோ சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேச்சும் நாதஸ்வரமும் ஊர் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதற்காக அமைந்த கருவி அது. அந்த வேலையை அருமையாகச் செய்யும். ஆனால் டிஸ்கோவை அதன் வழியே அனுப்பினால் பெரிய டிரம் வாசலிலேயே நின்றுவிடும். மிதிகட்டை தோலில் படும் ‘டிக்’ ஓசை மட்டும் நூலிழையாக வரலாம். ஸ்நேர் வரும், வயலின்கள் வரும், ஹை-ஹாட் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு வரும்.

ஆக, முதல் அடியும் மூன்றாம் அடியும் காணாமல்போய், அரை இடம் மட்டும் ஓங்கி ஒலித்த ஓர் இசையை அவர் கேட்டார். கேட்டதை மிகத் துல்லியமாகச் சொன்னார். ஓர் ஒலிப்பொறியாளர் கருவி வைத்து அளந்து சொல்லவேண்டியதை, தறிக்குழியில் உட்கார்ந்தபடி காதால் சொல்லிவிட்டார். இவரையா புரியாமல் திகைத்தவர் என்கிறீர்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழுவது தெரியும். கீழ்ச்சுருதி இல்லாவிட்டாலும் அதன் மேல் இசைக்கூறுகளைக் கொண்டு காது அதை ஊகித்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான். பாஸ் கிட்டாரின் ஸ்வரத்தை அப்படி ஊகிக்கலாம். ஆனால் நெஞ்சில் வந்து மோதும் அதிர்வை ஊகிக்க முடியாது. காற்றாக வந்து உடம்பைத் தொட்டால்தான் அது உண்டு.

அடுத்து அவருடைய தம்பி. 1979-ல் பதினேழு வயது. அண்ணன் கேட்ட அதே பாட்டுகளை அவரும் மைக் செட்டில்தான் முதலில் கேட்டார். ஆனால் அவர் கேட்டதாக நினைவு வைத்திருப்பது வேறொரு நாள். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில் (வானொலியும் கேசட்டும் சேர்ந்த பெட்டி), பக்கத்து வீட்டுத் திண்ணையில், ‘பிரியா’ படப் பாட்டுகள். 1978 டிசம்பரில் வந்த படம். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் பாட்டுகள் என்று பேசப்பட்டவை. இசையமைத்த இளையராஜாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. “மாரு மேல தட்டுன மாதிரி இருந்துச்சு” என்று கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார் தம்பி. அண்ணனுக்குக் கிடைக்காத பெரிய டிரம் தம்பிக்குக் கிடைத்துவிட்டது.

அதோடு அவர் நிற்கவில்லை. சில ஆண்டுகளில் சொந்தமாக டேப் ரிக்கார்டர் வந்ததும், தனி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்துக் கேட்டார். அக்காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இளைஞர்கள் இதைச் செய்தார்கள். வெறும் பானை, குறுகிய வாய், உள்ளே அடைபட்ட காற்று. அந்தக் காற்று தனக்குரிய ஒரு கீழ்ச்சுருதியில் அதிரும். அந்தச் சுருதியை ஒட்டிய ஒலி பெருகும். எந்தப் பானை நன்றாக ‘அடிக்கும்’ என்று கடையில் விரலால் தட்டிப் பார்த்து வாங்குவாராம். சிறு பானை ‘கிண்’ணென்னும், பெரும் பானை ‘கொழகொழ’ன்னும், நடுத்தரம்தான் சரி என்றார். கழுத்து உடைந்து கிடந்த முதல் பானையை வீட்டுப் பின்கட்டில் எனக்கு எடுத்துக் காட்டினார். வெளிப்புறம் கரி படிந்திருந்தது. சமையலுக்கு இருந்ததை அம்மாவிடம் கேட்டு வாங்கியது.

நண்பர்களே, இந்தப் பானையை ஒதுக்கிவிட்டு எந்த வாதமும் இங்கே நிற்காது. பிறர் தந்ததைப் பெற்றுக்கொள்பவன் இல்லாததைத் தேட மாட்டான். இந்த இசையில் ஏதோ ஒன்று குறைகிறது, அது கீழே இருக்கிறது, அதை வெளியே கொண்டுவர ஒரு வழி உண்டு என்று உணர்ந்தவன்தான் பானையைத் தேடுவான். சென்னை நடன விடுதியில் பெரிய ஸ்பீக்கர் முன் நின்ற இளைஞனுக்கு எல்லாம் தயாராகக் கிடைத்தது. காஞ்சி இளைஞன் பாதியைக் கேட்டு, மறுபாதியைத் தானே கண்டெடுத்தான். கண்டுகொள்ளுதல் என்ற செயல் இவ்விருவரில் யாரிடம் நிகழ்ந்தது?

மூன்றாவது, மூத்தவரின் மகன். 1982-ல் பத்து வயது. இவருக்கு டிஸ்கோ முதலில் கண்ணில் பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான ‘சகலகலா வல்லவன்’ படத்தில், எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டு, கமல்ஹாசனின் ஆட்டம், பளபள உடை, வண்ண விளக்குகள். கொட்டகையின் பெரிய பெட்டி ஸ்பீக்கர்களில் டிரம் இருந்தது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டையைப் பற்றித்தான் சொன்னார். அப்பா நெய்து மிஞ்சிய ஜரிகைத் துண்டுகளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு தெருவில் ஆடி அடி வாங்கியிருக்கிறார்.

இப்போது இந்த வீட்டில் மூத்தவரின் கொள்ளுப்பேத்தி இருக்கிறாள். ஆறு வயது. அதே புத்தாண்டுப் பாட்டை அவள் அம்மாவின் கைப்பேசியில் கேட்டாள். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரிலும் அந்தக் கீழ் ஒலி கிடையாது. கூம்பு ஒலிபெருக்கியை விடவும் குறைவு. வீட்டிலேயே மூத்தவரும் இளையவரும் ஒரே பாதி டிஸ்கோவைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். தலைமுறை இடைவெளி என்று வயதை மட்டும் வைத்துக் கோடு போடுகிறவர்கள் இதை எப்படி விளக்குவார்கள்?

திருவிழா மேடை

வயதும் கருவியும் கேட்டவர்களைப் பிரித்தன என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடி மாத அம்மன் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்கள் வந்தன. அங்கே உண்மையான டிரம் செட் கண்முன் இருந்தது. பாட்டியும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பெரிய டிரம்மைக் கேட்டார்கள். வயதும் கருவியும் பிரித்ததை மேடை சேர்த்தது என்று தோன்றுகிறது. இக்குழுக்களில் வாசித்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

பெண்கள்

டிஸ்கோ வந்த காலத்திலேயே அதைக் கேட்டவர்களாக நான் சொன்ன மூவரும் ஆண்கள். வீட்டுக்குள் பட்டு இழைத்துக்கொண்டும் தார் சுற்றிக்கொண்டும் இருந்த பெண்களுக்கு நாள் முழுவதும் துணை வானொலி. இலங்கை வானொலியும் விவித் பாரதியும் அவர்கள் காதுக்கு முதலில் எட்டியிருக்க வேண்டும். அப்படியானால் அண்ணனுக்கும் தம்பிக்கும் முன்பே அந்த வீட்டில் டிஸ்கோவைக் கேட்டவர் அவர்களுடைய தாயாராக இருக்கலாம். இதைத் தனியே ஆராய வேண்டும்.

இனி

நேரம் முடிந்ததாகத் தலைவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். செய்யவேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்துத் தட்டு வெளியிட்டார். ராகம் அறிந்த காஞ்சிக் காதுகளுக்கு அதைப் போட்டுக்காட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். ‘டிஸ்கோ டான்ஸர்’ தமிழில் 1985-ல் ஆனந்த்பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’யாக வந்ததை எந்தெந்த வயதினர் பார்த்தார்கள் என்று தொகுக்கவேண்டும். ஆரணியிலும் கும்பகோணத்திலும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடவேண்டும். கேசட்டில் பாட்டுப் பதிவுசெய்து தந்த கடைகளுக்கு மக்கள் எழுதிக்கொடுத்த பட்டியல் துண்டுகள் எங்காவது மூட்டையாகக் கிடக்கும்; மாணவர்கள் தேடவேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானவை கருவிகள். பழைய கூம்பு ஒலிபெருக்கிகள், அவற்றின் யூனிட்டுகள், வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த அவையில் மைக் செட் தொழில் செய்த குடும்பத்தார் இருந்தால், விற்பதற்கு முன் ஒரு வாரம் எங்கள் துறையில் கொடுத்து வையுங்கள். 1979-ன் இசைத்தட்டுகளை அவற்றில் ஓடவிட்டு, என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று அளந்து பதிந்துகொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம்.