வேலையை விடும்போது எதை எடுத்துக்கொண்டு வந்தேன்?
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "வேலை வாங்குறது எப்படின்னு ஏற்கெனவே மூணு பேர் பேசுறாங்க, நீ வேற ஏதாவது பேசுப்பா" என்றார். "அப்ப வேலையை விடுறது எப்படின்னு பேசட்டுமாண்ணே?" என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. பிறகு, "சரி, சீக்கிரம் முடிச்சிடு" என்றார். முடித்துவிடுகிறேன்.

நான் 2011-ல் மெக்கானிக்கல் முடித்தவன். முதல் வேலை காட்டூரில், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரத்தில் ஒரு பேப்ரிகேஷன் யூனிட். வெளியூரிலிருந்து வந்து படிக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ளே புகுந்து பார்த்தால் கிரைண்டிங் சத்தம் கேட்காத இடம் குறைவு. 1960-களில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தது. அதற்குச் சாமான் செய்து கொடுக்க இந்த யூனிட்டுகள் முளைத்தன. எங்கள் யூனிட்டும் அப்படி வந்ததுதான். முப்பது பேர். இஞ்சினியர் என்று பார்த்தால் நானும் இன்னொருவரும். எஸ்டிமேஷன், டிராயிங், வெல்டிங் பேப்பர், இன்ஸ்பெக்டர் வந்தால் டீ சொல்வது, எல்லாம் நாங்கள்தான்.

மின்நிலைய ஆர்டர்கள் குறைந்துபோன வருடங்கள் அவை. 2017-ல் துவாக்குடிப் பக்கம் வேறு ஒரு யூனிட்டில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூவில் அந்த முதலாளி ஒரே ஒரு கேள்விதான் அழுத்திக் கேட்டார்: "ஃபார்மட் எல்லாம் கையில வச்சிருக்கீங்கல்ல?" இருக்கு சார் என்றேன். அதை ஒரு சாதாரணக் கேள்வியாகத்தான் அன்று எடுத்துக்கொண்டேன். மாணவர்களே, இன்டர்வியூவில் உங்களிடம் யாராவது இதைக் கேட்டால், அவருக்கு வேண்டியது நீங்களா உங்கள் ஹார்ட் டிஸ்க்கா என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி என் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தேன். 11 ஜி.பி. திருடுகிறோம் என்ற நினைப்பே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆறு வருடம் நான் உட்கார்ந்து செய்தது, ராத்திரி ஒன்பது மணி வரை கண் எரிய டைப் அடித்தது, என் பெயரிலேயே ஃபோல்டர். என்னுடையது இல்லாமல் வேறு யாருடையது?

அதில் என்னென்ன இருந்தது? நானே எழுதிய எஸ்டிமேஷன் ஷீட். பிளேட், சேனல், எலக்ட்ரோடு, கால்வனைசிங் எல்லாவற்றுக்கும் எந்தக் கடையில் என்ன ரேட், யாரிடம் எத்தனை நாள் கடன் என்ற பட்டியல். வாடிக்கையாளர்கள் கொடுத்த டிராயிங்குகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில், இது இன்னாருடைய சொத்து, அனுமதியில்லாமல் நகலெடுக்கக் கூடாது என்று இருக்கும். அதை ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் படித்ததில்லை. கடைசியாக வெல்டிங் பேப்பர்கள்.

இந்த வெல்டிங் பேப்பரைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிவில் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஒரு பிரஷர் வெசலை வெல்ட் செய்யும் முன், எந்த உலோகம், எந்த எலக்ட்ரோடு, எத்தனை ஆம்பியர், எவ்வளவு சூடு என்று ஒரு முறைத்தாள் எழுதுவோம். அந்த முறை தேறுமா என்று பார்க்க, அதே முறையில் ஒரு மாதிரித் துண்டை வெல்ட் செய்து, வெட்டி, இழுத்தும் வளைத்தும் சோதித்து, வந்த முடிவை அப்படியே எழுதி வைப்போம். அந்தச் சோதனைப் பதிவுக்குத்தான் பி.க்யூ.ஆர். என்று பெயர். மாதிரித் துண்டை கூப்பன் என்போம். ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவு சொல்வது, இந்தச் சோதனையை அந்தந்தத் தயாரிப்பாளர் தன் பொறுப்பில், தன் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்பது. பக்கத்து வீட்டுக்காரன் எழுதிய பரீட்சைக்கு நாம் மார்க் ஷீட் வாங்க முடியாதல்லவா, அதுபோல.

புதிய இடத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம் காற்றழுத்தக் கலன் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. முதலாளி கூப்பிட்டார். "பழைய பி.க்யூ.ஆர். இருக்குல்ல, பேரை மட்டும் மாத்தி டைப் பண்ணிடுங்க. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார்."

டைப் பண்ண உட்கார்ந்தேன். இந்தச் சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு பக்கம் முடித்தும் விட்டேன். அப்போது எங்கள் ஃபோர்மேன் வந்தார். பெல்லில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார்.

"இதுல கூப்பன் வெல்ட் பண்ணது யாரு தம்பி?"

"பழைய கம்பெனி வெல்டருண்ணே."

"அவரு இங்க வந்திருக்காரா?"

"இல்லண்ணே."

"அந்த மெஷின் வந்திருக்கா?"

"இல்ல."

"அப்ப என்னதான் வந்திருக்கு?"

பேப்பர்தான் வந்திருந்தது. அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. "12 எம்.எம். பிளேட் துண்டு கிடக்கு. நாளைக்குக் காலைல கூப்பன் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போட்டோம். இழுவைக்கு 2 துண்டு, வளைவுக்கு 4 துண்டு. இழுவை பாஸ். வளைத்ததில் இரண்டு துண்டு வாயைப் பிளந்தன. 3 மில்லிமீட்டருக்கு மேல் திறந்தால் ஃபெயில். எங்களுடையது 5-க்கு மேல். பிளந்த இடத்தில் பார்த்தால் உள்ளே பொடிப் பொடியாக ஓட்டை. அது ஐப்பசி மாதம், ஒரு வாரமாக மழை. 7018 எலக்ட்ரோடு ஈரத்தை உறிஞ்சுகிற ஜாதி. 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் உலர்த்தித்தான் எடுக்க வேண்டும். எங்கள் அடுப்பின் மீட்டர் 300 என்றுதான் காட்டியது. ஃபோர்மேன் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். உள்ளே 200 கூட இல்லை.

அடுப்பைச் சரிசெய்து மறுபடியும் கூப்பன் போட்டு, பாஸ் ஆகி, இன்ஸ்பெக்ஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. முதலாளி என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் டைப் அடித்த பேப்பரை இன்ஸ்பெக்டர் நம்பியிருந்தால், அந்த ஈர எலக்ட்ரோடை வைத்தே கலனைச் செய்து அனுப்பியிருப்போம். அது எங்கோ ஒரு மில்லில், ஆள் நடமாடுகிற இடத்தில், காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிற சாமான். நான் கொண்டுவந்த 11 ஜி.பி.யில் எங்கள் ஷெட்டின் அடுப்பைப் பற்றி ஒரு வரி இருந்திருக்க முடியுமா?

அதற்குப் பிறகுதான், இது யாருடைய சொத்து என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை. படித்ததைச் சொல்கிறேன்.

நாம் எல்லோரும் சொல்கிற வாதத்தை, "நான்தானே செய்தேன், என்னுடையதுதானே" என்பதை, தில்லி உயர்நீதிமன்றத்தில் சொன்னவர்கள் வேறு யாருமில்லை, வக்கீல்களே! டில்ஜித் டைடஸ் என்பவரின் சட்ட அலுவலகத்திலிருந்து 2005-ல் சில வக்கீல்கள் விலகினார்கள். போகும்போது கம்ப்யூட்டரிலிருந்த ஒப்பந்தங்கள், கருத்துரைகள், கட்சிக்காரர் பட்டியல் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டார்கள். நாங்கள் சம்பளக்காரர்கள் இல்லை, நாங்கள் எழுதியது எங்களுக்கே என்றார்கள். 2006 மே மாதம் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நகலெடுத்த எதையும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் தொழில் செய்யலாம். கற்ற திறமையையும் மனதில் நிற்கிற விவரத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எனக்கு இந்த வேறுபாடு மிகவும் பிடித்திருந்தது. மண்டையில் இருப்பது உன்னோடு வரலாம், டிஸ்க்கில் இருப்பது வரக்கூடாது.

நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டம் இன்னும் நேரடி. வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவு. அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுப்பது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ம் பிரிவு. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ம் பிரிவு, 3 வருடம் வரை சிறை. அன்று சாயங்காலம் இது எனக்குத் தெரிந்திருந்தால் டிஸ்க்கைச் சொருகும்போது கை நடுங்கியிருக்கும்.

அதற்காக, முதலாளி நம் தலையையும் சேர்த்துப் பூட்டி வைத்துக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. நிரஞ்சன் சங்கர் கோலிகரி என்பவர் மகாராஷ்டிரத்தில் கல்யாண் பக்கம் செஞ்சுரி நிறுவனத்தின் டயர் கார்டு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். 5 வருட ஒப்பந்தம். வெளிநாட்டுத் தொழில்நுட்பம், ரகசியம் காப்பதாகக் கையெழுத்து. 1964-ல் பாதியிலேயே விட்டு, ராஜஸ்தானில் கோட்டாவில் ஒரு ரேயான் கம்பெனிக்குப் போனார். புதிய இடத்தில் சம்பளம் கூடுதல், 560 ரூபாய். (சம்பள உயர்வுக்காக உச்சநீதிமன்றம் வரை! நான் தாவியதும் அதற்காகத்தான், யாரும் சிரிக்க வேண்டாம்.) 1967-ல் உச்சநீதிமன்றம் தடையை உறுதி செய்தது. ஆனால் அந்தத் தடை ஒப்பந்தக் காலம் முடியும் வரை, அதாவது 1968 மார்ச் வரை, அதே டயர் கார்டு வேலைக்கு மட்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்குவது, 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி செல்லாது. ஆஃபர் லெட்டரில் அப்படி ஒரு வரி பார்த்துப் பயப்படுகிற மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் லெவண்டவ்ஸ்கி கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கூகுளின் தானியங்கிக் கார் இஞ்சினியர். 2015 டிசம்பரில் 14,000-க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிக்கொண்டு அடுத்த மாதம் வெளியேறினார். அவர் தொடங்கிய கம்பெனியை உபர் வாங்கியது. விஷயம் வெளிவந்ததற்கு ஒரு சப்ளையரும் காரணம். உபருக்காகச் செய்த சர்க்யூட் போர்டு டிராயிங்கைக் கைதவறிப் பழைய கம்பெனிக்காரர்களுக்கும் சேர்த்து மெயில் அனுப்பிவிட்டார்! 2020-ல் 18 மாதச் சிறைத் தண்டனை. 2021 ஜனவரியில் அதிபர் மன்னிப்பு கிடைத்தது. காட்டூர், துவாக்குடியிலும் எல்லோருக்கும் சப்ளையர் ஒருவர்தான். நம் ரேட் ஷீட் அடுத்த தெருவில் பேசப்படுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நமக்கு மன்னிப்பு வழங்க அதிபரும் கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. 11 ஜி.பி. எடுத்த நான், என்னுடையது என்று எடுத்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு வந்தேன். பெனிட்ரண்ட், மேக்னடிக் சோதனைகளுக்கு லெவல் 2 பயிற்சி முடித்திருந்தேன். அமெரிக்க முறையில் அந்தத் தகுதியை வழங்குவது வேலை கொடுப்பவர். வேலை போனால் தகுதியும் போகும். புதிய முதலாளி மறுபடி வழங்க வேண்டுமென்றால் பயிற்சிச் சான்று, மதிப்பெண், எத்தனை மணி நேர அனுபவம் என்ற பதிவு வேண்டும். அவை எல்லாம் பழைய அலுவலகத்தில் பச்சை நிற பாக்ஸ் ஃபைலில். ரிலீவிங் ஆர்டரில் என்ன வேலை பார்த்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஃபார்ம் 16, சம்பளச் சீட்டு எதுவும் கையில் இல்லை. இவற்றைக் கேட்டு வாங்க நமக்கு வாய் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

கடைசியில் 2020 தை மாதம், அந்தப் பயிற்சிச் சான்றுக்காகவே காட்டூர் யூனிட்டுக்குப் போனேன். ஹார்ட் டிஸ்க்கையும் பையில் வைத்துக்கொண்டேன். பழைய முதலாளி மேஜைமேல் அதை வைத்து, "சார், போறப்ப இதுல எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன். நீங்களே அழிச்சிடுங்க" என்றேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் அதைத் தொடவேயில்லை. பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார்.

"எஸ்டிமேஷன் ஷீட் நீ போட்டது தம்பி. ரேட்டை மட்டும் அழிச்சிட்டு, கணக்கை நீ வச்சுக்க. ஆனா ஒண்ணு சொல்லு. எடையை 1.08-ஆல பெருக்கியிருக்கியே, அது எதுக்கு? நீ போனதுலேருந்து இங்க யாருக்கும் தெரியல."

அது பிளேட்டுக்கான வேஸ்டேஜ். வட்டமாக வெட்டும்போது மூலை மூலையாக வீணாகும், அதற்கு 8 சதவீதம். சேனலுக்கும் ஆங்கிளுக்கும் அது பொருந்தாது. 3 சதவீதம் போட்டால் போதும். எனக்குத் தெரியும் என்பதால் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் 1.08 போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓ" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ரெண்டு ஸ்ட்ரக்சர் டெண்டர் கொஞ்சத்துல போச்சு" என்றார்.

டீ ஆறிப்போனது. ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, ஷீட்டின் முதல் காலத்திலிருந்து எது எதற்கு, எங்கிருந்து வந்தது என்று எழுத ஆரம்பித்தேன். எட்டரை மணிக்குத்தான் முடிந்தது. அவர்தான் எழுந்து போய் அந்தப் பச்சை பாக்ஸ் ஃபைலை எடுத்து வந்தார்.