அயலார் பண்பாட்டை அறிதல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மாணவர்கள் பிற சமூகத்தாரின் பண்பாட்டை அறிந்து பழகுவது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு மன்றத்தார் பணித்தனர். இதற்கு ஏடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் மலைநாட்டில் ஓங்கி நிற்கும் ஒரு மலையே போதும்.

நாம் சிவனொளிபாதம் என்கிறோம். சிங்கள மக்கள் ஸ்ரீ பாத என்கின்றனர். இஸ்லாமியர் பாவா ஆதம் மலை என்கின்றனர். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாவரும் ஏறுவது அதே படிகளில்தான்.

மாணவப் பருவத்தில் நான் அம்மலை ஏறியபோது, வழியில் ஓரிடத்தில் சிங்கள யாத்திரிகர் ஊசியில் நூல் கோத்துக் காணிக்கை வைப்பதைக் கண்டேன். நானும் தோழர்களும் சிரித்துவிட்டோம். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் கோபிக்கவில்லை. "புத்தே" என்று அழைத்து, என் கையிலும் ஓர் ஊசியைக் கொடுத்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. புத்தபெருமான் தம் கிழிந்த சீவரத்தை அங்கே தைத்துக்கொண்டார் என்பது அவர்களின் ஐதீகம் எனப் பின்னர் அறிந்து வெட்கினேன். நம் 'அரோகரா'வைக் கேட்டு அவர் சிரித்திருந்தால் நாம் பொறுத்திருப்போமா?

அன்பர்களே! மொழி அறியாமையால் நாம் பட்ட துன்பம் சிறிதன்று. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழுக்கும் அந்நிலை கிடைத்தது. ஆயினும், வாசிக்க முடியாத கடதாசியில் பெருவிரல் பதித்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய பாட்டிமாரை நாம் அறிவோம். நம் உரிமையை விடாது கேட்போம். அத்துடன் அயலார் மொழியையும் கற்போம். இவ்விரண்டும் பகையல்ல.

அயலார் மொழி கற்றால் நம் மொழி மங்கிவிடும் என்று அஞ்சும் பெரியோர் உளர். அவர்களுக்கு ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களை நினைவூட்டுவேன். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றவர் அவர். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் எழுதி அயலார்க்கு அறிவித்தார். நம் மக்களின் நாட்டார் பாடல்களையும் திரட்டித் தந்தார். தன் வேரை அறிந்தவனே பிறர் நிழலிலும் அச்சமின்றி அமர்வான்.

மாணவர்களே! போதனை மொழியால் நம் பாடசாலைகள் பெரும்பாலும் பிரிந்திருக்கின்றன. ஒரே ஊரில் வளர்ந்தும் ஒரு சிங்களத் தோழனேனும் இல்லாமல் பள்ளி வாழ்வு முடிந்துவிடலாம். தைப்பொங்கலுக்கு அவர்களை அழையுங்கள். பொங்கலைக் கொடுப்பதோடு அதன் பொருளையும் சொல்லுங்கள். வெசாக் தன்சலுக்குச் சென்றால் உண்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஏன் வழங்குகின்றனர் என்று கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டு இருவர்க்கும் உரியதன்றோ? அவர்கள் வீட்டில் அன்று அடுப்பு மூட்டும் முறையைக் கேட்டறியுங்கள். விளங்காத வழக்கத்தைக் கண்டால் சிரிக்குமுன் வினவுங்கள்.

பெரியோர்களே! அயலாரை இழித்துக் கூறும் சொல்லைப் பிள்ளைகள் முதலில் கேட்பது நம் வீட்டில்தான். அச்சொல் நம் வாயிலிருந்து அகல வேண்டும். நம்மை அவ்வாறு அழைத்தபோது எவ்வளவு நொந்தோம் என்பதை மறக்கலாகாது.

அம்மூதாட்டிக்கு அன்று அவர் மொழியில் நன்றி கூற எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு அக்குறை நேராதிருக்கட்டும்.